பெயரும் பதிப்பும்

ஒரு பொருளைப் பிறிதொரு பொருளினின்றும் பிரித்தறிதற்கு மனிதன் கண்ட கருவிகளுள் பெயரே முதன்மையானது. அப்பெயர் நீண்டிருத்தல் வேண்டுமா, குறுகியிருத்தல் வேண்டுமா என்ற வினாவுக்கு விடை தேடி நூலகம் செல்லவேண்டியதில்லை; ஊர் வழக்கே விடை கூறும். ஒரு வகுப்பிலே கந்தசாமி என்ற பெயருடையான் ஒருவனே இருப்பின், அவன் கந்தசாமி. இருவர் இருப்பின் தந்தையின் பெயரின் முதலெழுத்து முன்வந்து ஒட்டிக்கொள்ளும். முதலெழுத்தும் ஒன்றாகிவிடின், ஒருவன் கிணற்றடிக் கந்தசாமியாகவும் மற்றவன் சங்கக்கடைக் கந்தசாமியாகவும் மாறிவிடுவர். இதனை எவரும் கூட்டங் கூடித் தீர்மானிப்பதில்லை. வேண்டியவிடத்துப் பெயர் நீளும், வேண்டாதவிடத்துச் சுருங்கும். தபாற்காரர் மாத்திரமே எக்காலத்தும் முழுப்பெயரையும் முழு விலாசத்தையும் எதிர்பார்ப்பவர்.

ஊரார் அறிந்த இவ்வுண்மை கணினித் திரைக்கு இன்னும் முற்றாகப் போய்ச் சேரவில்லை. நிரல் எழுதுவோர் பயன்படுத்தும் திருத்திகளின் அடிப்புறத்தே ஒரு மெல்லிய பட்டை உண்டு. எழுதப்படும் மொழி யாது, எத்தனையாவது வரியிற் சுட்டி நிற்கின்றது, எந்தத் தொகுப்பி இந்நிரலை இயந்திர மொழிக்கு மாற்றப்போகின்றது என்பன போன்ற செய்திகள் அப்பட்டையில் இடம்பெறும். கொம்பைலர் எனப் பொதுவாக வழங்கும் அத்தொகுப்பியின் பெயரும் பதிப்பெண்ணும் அங்கே எவ்வாறு காட்டப்படுதல் வேண்டும் என்பது மிகச் சிறிய வினாவாகத் தோன்றும். கலைப்பீடத்தில் இலக்கணமும் இலக்கியமும் பயில்வோருக்கு அது சற்றும் தொடர்பற்ற வினாவாகவுந் தோன்றலாம். ஆயினும் அச்சிறு பட்டையிலே நான்கு சொற்கள் குறைந்தமையால் ஒரு நட்பு முறியும் நிலைக்கு வந்ததென்றால், வினா அத்துணைச் சிறியதன்று என்பது புலனாகும்.

இரு மாணவர். ஒருத்தி தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயில்பவள். மற்றவன் மொழியியல் மாணவன். கலித்தொகையின் நூற்றைம்பது பாடல்களையும் கணினியில் எழுத்தெழுத்தாகப் பதிந்து, அவற்றிற் பயின்றுவரும் சொற்களை எண்ணி ஆராய்வது இருவரும் சேர்ந்து மேற்கொண்ட பணி. பாடல்களைப் பதியும் வேலையில் நான்கு மாதங்கள் கழிந்தன. பகலில் விரிவுரை, இரவில் விடுதி மேசை என ஒருவர் வாசிக்க மற்றவர் பதிந்து, பிழை திருத்தி, மீண்டும் வாசித்து அந்தக் கோப்பு உருவாயிற்று. சொற்களை எண்ணுதற்குரிய நிரலை மாணவி சீ++ மொழியில் எழுதினாள். பல்கலைக்கழக ஆய்வுகூடத்து மேசைக் கணினியிலே அதனை ஓட்டியபோது பாட்டுத் தோறும் சொற்கள் எண்ணப்பட்டு ஓர் ஒழுங்கான பட்டியல் வெளிவந்தது.

மாணவனின் மடிக்கணினி பழுதடைந்திருந்தது. அதனைத் திருத்துதற்குப் பணமின்மையால், உள்ளங்கையில் அடங்கும் ராஸ்பெரி பை என்னும் சிறு கணினியொன்றைப் பழைய தொலைக்காட்சியிற் பொருத்தி அவன் வேலை செய்துவந்தான். அதே கோப்பையும் அதே நிரலையும் தன் இடத்துக்கு எடுத்துச்சென்று ஓட்டினான். திரையிலே வந்த விடை ஒரேயொரு வரி: 'தமிழ்ச் சொற்கள்: 0'.

கலித்தொகையிலே தமிழ்ச் சொல் ஒன்றுதானும் இல்லை என்று இயந்திரம் சொல்லிற்று. வேறொரு வேளையில் இருவரும் அதைக் கண்டு சிரித்திருப்பர். ஆனால் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க ஐந்து நாட்களே எஞ்சியிருந்தன. கோப்புக் கெட்டுவிட்டதோ என்று அவன் அஞ்சினான். தன் நிரலிலே அவன் கைவைத்துவிட்டான் என்று அவள் கருதினாள். கோப்பின் அளவை ஒப்பிட்டனர், ஒன்றாகவே இருந்தது. நிரலை வரிவரியாக ஒப்பிட்டனர். ஒரு புள்ளியும் வேறுபடவில்லை. இறுதியாகத் திருத்தியின் அடிப்பட்டையை இருவரும் நோக்கினர். அவளது திரையில் 'ஜீ.சீ.சீ. 12.2.0' என்றிருந்தது. அவன் அனுப்பிய திரைப்படத்திலும் 'ஜீ.சீ.சீ. 12.2.0' என்றே இருந்தது.

அவ்வளவில் அந்த வழி அடைபட்டது. தொகுப்பி ஒன்றே, பதிப்பும் ஒன்றே. எனவே பிழை தொகுப்பியின் பக்கம் இருக்க இயலாது. பிழை மனிதரிடமே இருத்தல் வேண்டும் என்ற முடிவுக்கு இருவரும் வந்தனர். மனிதர் இருவர், ஒருவர் பிழையற்றவர் எனில் மற்றவரே பிழை செய்தவர். "நீர் எதையோ மாத்திப்போட்டு இப்ப மறைக்கிறீர்" என்று அவள் சொன்னாள். அவன் மறுமொழி சொல்லவில்லை. மூன்று நாட்கள் பேச்சில்லாமற் கழிந்தன.

நான்காம் நாள் ஆய்வுகூடப் பொறுப்பாளரிடம் இருவரும் தனித்தனியே வந்தனர். அவர் முறைப்பாடு எதனையும் கேட்கவில்லை. மாணவன் கொண்டுவந்திருந்த சிறு கணினியை ஆய்வுகூடத் திரையொன்றிலே பொருத்தி, அடிப்பட்டையிலிருந்த தொகுப்பியின் பெயர்மீது சுட்டியை வைத்து ஒருகணம் பொறுத்தார். மறைந்திருந்த மீதிப் பெயர் மேலெழுந்தது: 'ஏஆர்ச்64-லினக்ஸ்-க்னூ'. மாணவியின் கணினியிலும் அவ்வாறே செய்தார். அங்கே 'எக்ஸ்86_64-லினக்ஸ்-க்னூ' என்றிருந்தது.

"தங்கச்சி, தம்பி, இரண்டு பேரும் பாருங்கோ. பேர் ஒண்டு, பதிப்பு ஒண்டு. ஆனால் இது வேற இயந்திரத்துக்கு எழுதுற ஜீ.சீ.சீ." என்றார்.

காரணம் சிறியது. இக்காலத்துக் கணினிக் கோப்புகளிற் பெரும்பான்மையும் வழங்கும் யுனிக்கோட் எட்டுத்துணுக்கு முறையிலே ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைற்றுகளாற் குறிக்கப்படும். அவற்றுள் முதலாவதன் பெறுமானம் 224. சீ, சீ++ மொழிகளில் 'சார்' என்னும் எழுத்துவகைக்கு எதிர்மறை எண் உண்டா இல்லையா என்பதை மொழியின் நியமம் வரையறுக்காது தொகுப்பியிடமே விட்டுவிட்டது. மேசைக் கணினிகளில் வழங்கும் எக்ஸ்86 இனத்தில் அவ்வகை எதிர்மறையையும் ஏற்கும். ஆகவே 224 என்பது அங்கே -32 எனக் கொள்ளப்படும். சிறு கணினியின் ஆர்ம் இனத்தில், லினக்ஸின் கீழ், அவ்வகை எதிர்மறையை ஏற்பதில்லை. 224 என்பது 224 ஆகவே நிற்கும். மாணவியின் நிரலோ, 'சுழியத்திலுங் குறைந்த பெறுமானம் வந்தால் அது தமிழெழுத்தின் பகுதி' என்று கொண்டிருந்தது. ஓரிடத்தில் எல்லாம் தமிழாயிற்று. மற்றோரிடத்தில் எதுவுமே தமிழாகவில்லை. ஒரு வரியைத் திருத்தியதும் இரண்டு இயந்திரங்களும் ஒரே பட்டியலைத் தந்தன.

நிரலிலே குறை இருந்தது உண்மையே. தன் இயந்திரத்திற் கண்டதை எல்லா இயந்திரங்களுக்கும் பொதுவென்று கொண்டது மாணவியின் தவறு. ஆயினும் அக்குறையைக் கண்டுபிடிக்க விடாமல் மூன்று நாட்கள் தடுத்தது அடிப்பட்டையே. அது பொய் சொல்லவில்லை. உண்மையைப் பாதியில் நிறுத்திற்று. முழுப்பெயரிலே இலக்கு இயந்திரத்தின் பெயரும் அடங்கியிருந்தது. பட்டையில் இடம் போதாதென்று வலப்புறம் வெட்டப்பட்டது. வெட்டுண்ட பகுதியே அன்று வேண்டியிருந்த பகுதி. ஒன்றும் காட்டாதிருந்திருப்பின் இருவரும் தேடியிருப்பர். இரண்டு இடத்தும் ஒரே பெயரைக் காட்டியமையாலன்றோ தேடல் நின்றது!

இந்நிலையிலே தொகுப்பிகள் பெயர்பெற்ற வரலாற்றைச் சிறிது நோக்குதல் பொருத்தமாகும். 1952 ஆம் ஆண்டளவில் கிறேஸ் ஹொப்பர் அம்மையார் யூனிவாக் கணினிக்காக உருவாக்கியது 'ஏ-0' எனப் பெயர்பெற்றது. முன்னரே எழுதிவைக்கப்பட்ட சிறு நிரற்பகுதிகளைத் தேடியெடுத்து ஒன்றாகத் தொகுத்துத் தருவதே அதன் தொழில். தமிழிலே 'தொகுப்பி' என்று வழங்கும் சொல், எட்டுத்தொகையை அறிந்த செவிக்கு அந்த முதற்பொருளை இன்றும் நினைவூட்டுவது மகிழ்ச்சிக்குரியது. ஏ-0 இனைத் தொடர்ந்து ஏ-1, ஏ-2 என்பன வந்தன. அங்கே பெயரும் பதிப்பும் வேறுவேறாக இல்லை; பெயரே பதிப்பு. குடும்பத்திலே பிள்ளைகளை மூத்தவன், இளையவன் என்று அழைப்பது போன்ற எளிமை அது.

1957 இல் ஐ.பீ.எம். நிறுவனத்தின் போர்ட்ரான் வந்தபோது அது 704 என்னும் ஒரே கணினிக்குரியதாயிருந்தது. ஒரு மொழி, ஒரு தொகுப்பி, ஒரு கணினி என்றிருந்தவிடத்து எதனைக் காட்டுவது என்ற வினாவே எழவில்லை. பின்னர் அம்மொழி பல நிறுவனங்களிடத்தும் பரவி, மொழிக்கென நியமங்கள் வகுக்கப்பட்டன. போர்ட்ரான் 66, போர்ட்ரான் 77 என வழங்கும் எண்கள் மொழியின் நியமத்தைக் குறித்தனவேயன்றித் தொகுப்பியின் பதிப்பைக் குறித்தனவல்ல. மொழிக்கு ஓரெண், தொகுப்பிக்கு வேறோரெண் என்ற இரட்டை வழக்கு இவ்வாறு தோன்றியது. 1983 இல் வெளிவந்த ரேபோ பஸ்கல் திருத்தியையும் தொகுப்பியையும் ஒரே நிரலுள் அடக்கி விற்றமையால், அதனைப் பயன்படுத்தியோர் தொகுப்பி எதுவென்று கேட்கத் தேவை ஏற்படவில்லை. வீட்டிலே ஒருவரே சமைப்பாராயின் 'யார் சமைத்தது' என்று எவரும் கேளார்.

இன்றைய நிலை அதுவன்று. ஒரே கணினியில் ஐந்தாறு தொகுப்பிகள் அருகருகே வாழ்கின்றன. றிச்சட் ஸ்ரோல்மன் 1987 இல் வெளியிட்ட ஜீ.சீ.சீ. தொடக்கத்தில் 'க்னூ சீ கொம்பைலர்' என்பதன் சுருக்கமாயிருந்தது. பின்னர் பல மொழிகளையும் ஏற்றுக்கொண்டபின் 1999 இல் அதே மூன்றெழுத்துக்கு 'க்னூ தொகுப்பித் திரட்டு' என்று புதிய விரி தரப்பட்டது. பெயர் மாறாமலே பொருள் மாறிற்று. 2000 ஆம் ஆண்டிலே றெட் ஹற் நிறுவனம் தனது லினக்ஸ் 7 வெளியீட்டில் ஜீ.சீ.சீ. 2.96 என்ற ஒன்றைச் சேர்த்து வழங்கியது. 2.96 என்பது ஜீ.சீ.சீ. குழுவினர் முறையாக வெளியிட்ட பதிப்பன்று என அதன் வழிநடத்தற் குழு அறிக்கை விடவேண்டியதாயிற்று. முறையான வரிசையில் 2.95 இற்குப் பின் 2001 இல் 3.0 வந்தது. இடையிலுள்ள எண்ணை ஒரு திருத்தி அமைதியாகக் காட்டியிருப்பின், காண்பவன் அதனை வரிசையில் அடுத்ததென்றே எண்ணியிருப்பான். எண் தெளிவாயிருந்தும் அதன் பிறப்பு மறைந்திருந்தது.

கிளாங் என்னும் தொகுப்பியின் கதை இன்னும் விசித்திரமானது. ஜீ.சீ.சீ. இற்கென எழுதப்பட்ட நிரல்கள் தன்னிடத்தும் ஓடவேண்டுமென்பதற்காக, அது தன்னை ஜீ.சீ.சீ. 4.2.1 என நிரல்களுக்கு அறிவித்துக்கொள்கின்றது. ஆப்பிள் கணினியிலே 'ஜீசீசீ' என்று கட்டளையிட்டால், கதவைத் திறந்து வருவது உண்மையில் ஆப்பிளின் கிளாங். ஆப்பிளின் கிளாங்கும் பொதுக் கிளாங்கும் வெவ்வேறு எண்வரிசையை உடையன. இரண்டிலும் 15 என்று கண்டவிடத்து இரண்டும் ஒன்றெனக் கொள்ளலாகாது. கட்டளையின் பெயரை அப்படியே எடுத்துப் பட்டையில் இடும் திருத்தி, வாயிற் பலகையைப் பார்த்து வீட்டுக்காரரின் பெயரைச் சொல்பவனுக்கு ஒப்பானது. பலகையை எழுதியவர் வீட்டை விற்றுப் போயிருக்கலாம்.

மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் தொகுப்பியை எடுத்துக்கொண்டால், ஒரே பொருளுக்கு நான்கு எண்கள். பெட்டியின்மீது விஷுவல் ஸ்ரூடியோ 2022. அதன் உட்பதிப்பு 17. கருவித்தொகுதியின் பெயர் வீ143. தொகுப்பியைத் தனியே கேட்டால் 19.3 எனத் தொடங்கும் ஓரெண்ணைச் சொல்லும். பிந்திய இற்றைப்படுத்தல்களில் அது 19.4 ஆகும். இவற்றோடு சீ++17 என்னும் மொழிநியமத்தின் எண்ணும் அருகில் வந்து அமருமாயின், 17 என்ற எண் எதனைக் குறிக்கின்றது என்று புதியவர் திகைப்பது இயல்பே. மொழிநியமத்து 17 என்பது 2017 ஆம் ஆண்டு. விஷுவல் ஸ்ரூடியோவின் 17 என்பது ஆண்டு அன்று. ஜாவாவின் நிலையும் இதனையொத்ததே. மக்கள் ஜாவா 8 என்றனர், இயந்திரமோ 1.8 என்றது, அது ஆக்கிய கோப்பு தன்னை 52 என்றது. ஒன்பதாம் பதிப்பிலிருந்துதான் முன்நின்ற அந்த ஒன்று நீங்கியது.

இத்துணை எண்களையும் திரையின் அடியில் அடுக்குதல் இயலாது. இயன்றாலும் அது பயன்தராது. எல்லாவற்றையும் காட்டுபவன் எதனையுமே காட்டாதவனுக்குச் சமமாவான். ஆகவே சுருக்கம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. சுருக்கம் எதன் வழிப்பட்டதாக இருத்தல் வேண்டும் என்பதே வினா. இடத்தின் வழிப்பட்ட சுருக்கம் ஒன்று. வேறுபாட்டின் வழிப்பட்ட சுருக்கம் மற்றொன்று. முன்னது எழுத்துக்களை எண்ணி வெட்டுகின்றது. பின்னது அங்குள்ள ஏனையவற்றை நோக்கி, எவ்வளவு சொன்னாற் குழப்பம் நீங்குமோ அவ்வளவு சொல்கின்றது. கத்தரிக்கோல் முன்னதைச் செய்யும். அறிவே பின்னதைச் செய்யும்.

தமிழ் உரைமரபு இதற்கு நல்ல சான்று தருகின்றது. 'சேனாவரையம்' என்று ஒரு சொல் சொன்ன அளவிலே, தொல்காப்பியம், அதிற் சொல்லதிகாரம், அதற்குச் சேனாவரையர் செய்த உரை என்ற மூன்று செய்திகளும் கேட்போனுக்கு விளங்கிவிடுகின்றன. சேனாவரையர் உரையாகக் கிடைப்பது சொல்லதிகாரத்துக்கு மாத்திரமே; ஆகையால் அதற்குமேல் ஓரெழுத்தும் வேண்டியதில்லை. ஆனால் 'நச்சினார்க்கினியர் உரை' என்றால் அது போதாது. தொல்காப்பியத்துக்கும் பத்துப்பாட்டுக்கும் கலித்தொகைக்கும் சீவகசிந்தாமணிக்கும் அவர் உரை கண்டவர். எந்நூலுக்கு என்று கூறியே ஆகவேண்டும். 'இளம்பூரணம்' என்றால் எவ்வதிகாரம் என்று சொல்லவேண்டியிருக்கும். மூன்றதிகாரங்களுக்கும் அவருரை கிடைப்பதே அதற்குக் காரணம். பெயரின் நீளத்தைத் தீர்மானிப்பது தாளின் அகலமன்று. குழம்புதற்கு இடமுண்டா என்பதே.

பதிப்பைக் குறிப்பிடுதலிலும் அம்மரபுக்கு அக்கறை உண்டு. சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை பல ஏடுகளை ஒப்புநோக்கிக் கலித்தொகையை 1887 இல் அச்சேற்றினார். அதன்பின் பிறரும் அந்நூலைப் பதிப்பித்தனர். ஒரு பாடலின் ஒரு சொல்லைக் குறித்து வாதிடும் ஆய்வாளர் எந்தப் பதிப்பை வைத்து வாதிடுகின்றார் என்று சொல்லாதுவிடின், இருவர் இருவேறு பாடங்களைக் கையிலே வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் பிழையென்று கூறும் நிலை ஏற்படும். தமிழ் மாணவி அதனை நன்கறிந்தவள். ஆய்வேட்டின் அடிக்குறிப்புகளிற் பதிப்பாண்டைத் தவறாது எழுதியவள். ஆயினும் அடிப்பட்டையில் இருந்த பெயரும் ஓர் அடிக்குறிப்பே என்பது அவளுக்கு அந்த மூன்று நாட்களிலும் தோன்றவில்லை.

இவற்றை மனங்கொண்டு நோக்குமிடத்துத் தொகுப்பியின் பெயரைக் காட்டும் முறையொன்று தானே புலப்படும். தொகுப்பியின் உண்மைப் பெயர் முதலில் வருதல் வேண்டும். கட்டளையின் பெயரன்று, பெட்டியின்மீது எழுதிய பெயருமன்று, தொகுப்பி தன்னைப்பற்றித் தானே கூறும் பெயர். அடுத்துப் பதிப்பின் தலையெண். ஜீ.சீ.சீ. 2015 இல் ஐந்தாம் பதிப்பிலிருந்து ஆண்டுதோறும் தலையெண்ணையே உயர்த்தி வருகின்றது. எனவே அதற்கு அன்றாடம் தலையெண் ஒன்றே போதியது. இரண்டாம் மூன்றாம் எண்கள் வேண்டப்படுவது, அதே தலையெண்ணுடைய வேறொன்று அக்கணினியில் இருக்கும்போதே. இலக்கு இயந்திரம், எழுதப்படும் இயந்திரமாகவே இருப்பின் அதனை மறைத்துவைக்கலாம் என்று தோன்றும். அங்கேதான் எச்சரிக்கை வேண்டும்: நிரல் ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் கைமாறுவது. ஒரு கணினியுள் வேறுபாடு இல்லாதது இரு கணினிகளுக்கிடையே வேறுபாடாகும். கந்தசாமி தன் வீட்டில் வெறுங் கந்தசாமியே. பட்டினத்துக்குப் போனால் ஊர்ப்பெயரும் உடன்வரும். ஆகவே 'ஜீ.சீ.சீ. 12, ஆர்ம் 64' என்ற அளவாவது எப்போதும் நிற்பது நன்று. நான்கு துண்டுகள், ஒரு கைவிரல் அகலம். அதற்கு இடமில்லையென்று கூறும் திரை இன்று எங்குமில்லை.

இடம் உண்மையிலேயே குறைந்தால் எதனை வெட்டுவது? வலப்புறத்தை வெட்டுதல் எளிது. ஆனால் தொகுப்பிகளின் நெடும்பெயரிலே வேறுபாடு பெரும்பாலும் வலப்புறத்திலேயே இருக்கின்றது. எல்லாவற்றுக்கும் பொதுவான நடுப்பகுதியை நீக்கி, இரு முனைகளையும் காத்தல் வேண்டும். முறையாக வெளிவராத சோதனைப் பதிப்பாயின் அச்செய்தியை எக்காரணங்கொண்டும் மறைத்தலாகாது, 2.96 இன் கதை அதற்குப் பாடம். வெட்டப்பட்டதெனின், வெட்டப்பட்டது என்பதற்கு ஒரு குறியாவது இருத்தல் வேண்டும். ஏட்டிலே செல்லரித்த இடத்தைப் பதிப்பாசிரியர் புள்ளியிட்டுக் காட்டுவர். சிதைவை மறைத்து முழுமைபோலக் காட்டார். அந்த நேர்மை திரைக்கும் வேண்டும். முழுப்பெயரை வேண்டுவோர் ஒருமுறை தொட்ட அளவில் அதனைக் காணவும், நண்பருக்கு அனுப்புதற்குப் படியெடுக்கவும் வழியிருப்பின் நன்று. திரையைப் படம்பிடித்து அனுப்புபவன் வெட்டுண்ட பெயரையே அனுப்புகின்றான். எழுத்தாகப் படியெடுப்பவன் முழுப்பெயரை அனுப்புவான்.

இவ்வளவும் செய்தாலும் பிழைகள் ஒழியா என்று கூறுவோர் உளர். அது மெய்யே. பெயர் முழுமையாக இருந்திருப்பினும் அம்மாணவிக்கு எதிர்மறை எண்ணின் நுட்பம் உடனே விளங்கியிராது. ஆனால் இரு திரைகளிலும் இருவேறு பெயர்களைக் கண்டிருப்பின், 'இவன் எதையோ மாற்றினான்' என்பதற்குப் பதிலாக 'இவை ஏன் வேறுபடுகின்றன' என்று அவள் கேட்டிருப்பாள். முதல் வாக்கியம் ஒரு மனிதனைக் குற்றவாளியாக்குவது. இரண்டாவது ஓர் ஆராய்ச்சியின் தொடக்கம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு உள்ள தூரம் அன்று ஓரங்குலத் திரையளவே.

ஆய்வேடு குறித்த நாளிற் சமர்ப்பிக்கப்பட்டது. முன்னுரையின் கடைசிப் பந்தியில், பயன்படுத்திய கலித்தொகைப் பதிப்பின் விவரத்துக்கு அடுத்த வரியிலேயே, நிரலை ஓட்டிய தொகுப்பியின் பெயர், பதிப்பெண் மூன்று தானங்களோடு, இரு இயந்திரங்களின் பெயர்கள் என்பன எழுதப்பட்டிருந்தன. அவ்வரியை எழுதியவன் மாணவன்; அதனை வாசித்து ஓரெழுத்துப் பிழையைத் திருத்தியவள் மாணவி. மேற்பார்வையாளர் அதைக் கண்டு, "இலக்கிய ஆய்விலே இயந்திரத்தின் பெயர் எதற்கு?" என்று கேட்டார்.

"சேர், எந்த ஏட்டைப் பார்த்தம் எண்டு சொல்லுறமாதிரித்தான் இதுவும்" என்றாள் அவள்.

அவர் ஒருகணம் எண்ணிப் பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினார். அருகில் நின்ற மாணவன் நான்கு நாட்களுக்குப் பின் முதன்முறையாகச் சிரித்தான்.